துணிக்கு டிசைன் எங்கே கிடைக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாகத் துணி டிசைன் வரைய ஆசைப்படும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வரைதல், நெசவு, அச்சு என அந்தந்த வேலையில் இருப்பவர்கள் பதில் தந்திருக்கிறார்கள்.

பென்சிலோடு உட்கார்ந்தால் பின்டரெஸ்டில் பார்த்த பூவும் கொடியும்தான் கையில் வருகின்றன. எனக்கென்று ஒரு டிசைனை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

ஒரு வாரம் போனை ஓரமாக வைத்துவிட்டு, கைக்கு எட்டும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை நல்ல தொடக்கம். ஈர்க்கில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், நுனியில் மட்டும் ஒற்றை இலை. காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். வட்டமாக இருக்கும் என்று நினைத்தது மூன்று பக்கமாகப் பிரிந்து தெரியும். முற்றிக் காய்ந்த காயை உடைத்தால் பழுப்பு விதை, அதன் மேல் வெளுத்த மெல்லிய இறக்கைகள் மூன்று. இலை, காய், விதை என்று மூன்று வேறு அளவில் மூன்று உருவங்கள் ஒரே மரத்திலிருந்து கிடைத்துவிட்டன. ஒரு புடவைக்கு இது போதும். முருங்கை இல்லாவிட்டால் பீர்க்கங்காய்: குறுக்கே வெட்டினால் வெளியே பத்து வரம்பு, உள்ளே மூன்று அறை.

ஏ4 தாளை எட்டாக மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டத்திலும் அதே பொருளை வரையுங்கள்: முழுதாக, பக்கவாட்டில், பின்பக்கம், குறுக்கு வெட்டு, நெடுக்கு வெட்டு, மொட்டு அல்லது பிஞ்சு, வாடியது, நிழல் மட்டும். கட்டத்துக்கு 2 நிமிடம், பேனாவால்தான். பென்சில் என்றால் அழித்து அழித்துக் கடைசியில் மனதில் இருக்கும் பழைய பூவுக்கே கை திரும்பிவிடும். பிறகு எட்டையும் கறுப்பு மையால் நிரப்பி, கை நீட்டத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். இன்னதென்று அப்போதும் தெரிகிற இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் நிழல் தீட்டி அழகு சேர்க்கும் பழக்கம் இங்கே உதவாது. மர அச்சுக்கும் ஸ்கிரீனுக்கும் (சாயத்தைத் துணியில் இறக்கும் சல்லடைச் சட்டம்) நிறம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைதான் தெரியும்.

காஞ்சிபுரம் பட்டின் பழைய டிசைன் பெயர்களைக் கேளுங்கள்: மயில்கண், குயில்கண், மல்லிமொக்கு, ருத்ராட்சம், வைர ஊசி. மயில் முழுதாக வரும் சேலைகளும் உண்டு. ஆனால் உடல் முழுக்கச் சலிக்காமல் ஓடுவது தோகையில் உள்ள அந்தக் கண் ஒன்றுதான். சிறிய பகுதியைப் பிடிப்பவருக்கு வேலை எளிது, துணியும் அமைதியாக வரும். பின்டரெஸ்டை அடியோடு விடவேண்டாம். உங்கள் எட்டுக் கட்டம் முடிந்த பிறகு, மற்றவர்கள் இடைவெளி எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் திறவுங்கள்.

சிக்குக் கோலத்தை ஸ்கேன் செய்து காட்டனில் பிரின்ட் எடுத்தேன். துணி மாதிரியே இல்லை, கோலத்தைப் படம் எடுத்து ஒட்டியதுபோல் இருக்கிறது. என்ன குறை?
– மாணவி, ஈரோடு

வாசலில் போடும் கோலம் தனக்குள் தொடங்கித் தனக்குள்ளேயே முடிகிற உருவம். நான்கை அக்கம்பக்கமாக வைத்தால் நான்கும் தனித்தனியாக நிற்கும். நடுவில் சாய்சதுரமாகக் காலி இடம் விழும். துணிக்கு அப்படி ஒரு முடிவு இருக்கக்கூடாது. ஆகவே முழுக் கோலத்தை எடுக்காமல் புள்ளி வரிசையையும் கம்பி போகும் விதியையும் மட்டும் எடுங்கள்.

8 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். அதில் 4 வரிசை, வரிசைக்கு 4 நேர்ப்புள்ளி, இடைவெளி 2 செ.மீ. முதல் புள்ளி ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தொடங்கட்டும். அப்போதுதான் அடுத்த சதுரம் ஒட்டும்போது ஓரத்தின் இரு பக்கமும் 1 செ.மீ. சேர்ந்து அதே 2 செ.மீ. வரும். பலர் புள்ளியை ஓரத்தின் மேலேயே வைத்துவிட்டு, ஒட்டியதும் இரட்டைப் புள்ளி விழுகிறதே என்று திணறுகிறார்கள்.

இனி கம்பி. பக்கத்துச் சதுரத்துக்குள் அது நுழையக்கூடிய இடங்கள் ஓரத்தில் 1, 3, 5, 7 செ.மீ. உயரங்கள்தான், அதாவது புள்ளிக்கு நேர் எதிரே. வலது ஓரத்தில் 3-ல் கம்பிகள் குறுக்கிட்டால் இடது ஓரத்திலும் 3-ல் குறுக்கிட வேண்டும். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இதே கணக்கு. குறுக்கிடாத இடத்தில் இரண்டு பக்கமும் கம்பி வளைந்து திரும்பட்டும். எந்த எந்த இடத்தில் குறுக்கிடுவது, எங்கே திரும்புவது என்பதை மாற்றி மாற்றிப் போட்டாலே ஒரே புள்ளி வரிசையிலிருந்து டஜன் கணக்கில் டிசைன் பிறக்கும். இதற்கு வேறு கற்பனை தேவையே இல்லை.

அடுத்த வரிசையைப் பாதி கீழிறக்கி வைக்கும் அரை இறக்க ரிப்பீட்டுக்கு (ரிப்பீட் என்பது துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரே கட்டம்) போவதாக இருந்தால், புள்ளி எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். 4 புள்ளியில் பாதி இறக்கம் 4 செ.மீ., சரியாக 2 புள்ளி, வரிசை கலையாது. 5 புள்ளியாக எடுத்தால் பாதி என்பது இரண்டரைப் புள்ளி. ஓரத்தில் கம்பி அந்தரத்தில் நிற்கும்.

கம்பி 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். புள்ளிகளைத் தரையின் (துணியின் பின்புலம்) நிறத்தில் ஒரு பிடி அழுத்தமாக மட்டும் போட்டுப் பாருங்கள். வெள்ளையாக விட்டால் கண் புள்ளியைத்தான் முதலில் எண்ணும், கம்பி பின்னுக்குப் போய்விடும்.

தாளில் அழகாக இருக்கும் டிசைன், மீட்டர் கணக்கில் அடித்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. ஏன்?
– வாசகர், கரூர்

நீங்கள் தாளின் நடுவில் வரைந்து ஓரங்களைக் காலியாக விட்டிருப்பீர்கள். அந்தக் காலி ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து துணியில் தெருவாக ஓடுகின்றன. கணினி இல்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

கனமான வரைதாளில் 20 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். ஓரங்களைத் தொடாமல் நடுவில் வரையுங்கள். சரியாக 10 செ.மீ.யில் நெடுக்காக வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி, பின்புறம் டேப் ஒட்டுங்கள். இப்போது குறுக்காக 10 செ.மீ.யில் வெட்டி மேல் பாதியையும் கீழ் பாதியையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். ஓரத்தில் இருந்த காலி இடம் முழுவதும் இப்போது தாளின் நடுவுக்கு வந்து சிலுவையாகக் கிடக்கும். அதை நிரப்புங்கள். இந்த முறையும் ஓரத்தைத் தொடாதீர்கள்; தொட்டால் எதிர்ப்பக்கத்தோடு சேராது. வெட்டு அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் இணைப்பில் பல் தெரியும். அளவுகோலும் கூரான பிளேடும் வேண்டும், கத்தரிக்கோல் வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தச் சிலுவையை நிரப்பும் கட்டத்தில்தான். மிஞ்சிய இடத்துக்குச் சின்னச் சின்ன இலையும் புள்ளியும் தூவிவிடுகிறார்கள். அந்த இடம் மட்டும் மெலிந்து, பழைய கோடே வேறு வடிவில் திரும்பி வரும். முதலில் வரைந்த அதே அளவுப் பூ ஒன்றையாவது அங்கே வையுங்கள், திசையைத் திருப்பி வையுங்கள்.

சோதிக்க 9 ஜெராக்ஸ் எடுத்து மூன்று வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கடையில் 100 சதவீத அளவு என்று சொல்லிவிட்டு, முதல் நகலை அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 அடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கோடு, படிக்கட்டு, ஓட்டை எது இருந்தாலும் அங்கிருந்து தெரிந்துவிடும். இதற்கு முன்னால் ஸ்கிரீனுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

பூக்கள் எல்லாம் மேல்நோக்கி மட்டும் நின்றால் துணிக்கு ஒரே திசை வந்துவிடும். சுடிதார் தைப்பவர் பாகங்களைத் தலைகீழாக வைத்து வெட்ட முடியாது, துணி கூடுதலாகக் கேட்பார். தைக்கக் கொடுக்கும் துணி என்றால் பாதி உருவங்களைத் தலைகீழாகவும் சாய்த்தும் வையுங்கள்.

ரவிக்கைத் துணிக்கு வரைந்தால் பூ தையலில் அறுபடுகிறது; புடவைக்கு வரைந்தால் கட்டியபின் காணவில்லை. அளவு எப்படி முடிவு செய்வது?
– தையல் கடை நடத்தும் வாசகி, திருநெல்வேலி

ரவிக்கையில் முழுதாகத் தெரிகிற பரப்பு முதுகு ஒன்றுதான். முன்பாகம் டாட் பிடித்துச் சுருங்கும், கை குட்டை. ஆகவே 2 அங்குலத்துக்கு மேற்பட்ட உருவம் வேண்டாம். ஒன்றரை அங்குலம் வசதி.

புடவை ஐந்தரை மீட்டர் என்றாலும் பார்வைக்கு வருவது குறைவு. இடுப்பில் முதலில் செருகும் மீட்டர் முழுக்க உள்ளே போய்விடும். அங்கே வேலைப்பாடு வீண். கொசுவத்தில் மடிப்புக்கு ஒரு பட்டைதான் வெளியே நிற்கும். அந்த மடிப்பு 5 அங்குலம் என்றால் உருவம் 3 அங்குலத்துக்குள் இருந்தால்தான் அடையாளம் தெரியும். பெரிய உருவத்தை முந்திக்கு ஒதுக்குங்கள்.

கைத்தறிக்கு ஒரு வட்டப் புட்டா (சேலை உடலில் தனித்தனியே வரும் சிறு உருவம்) வரைந்து கொடுத்தேன். நெய்து வந்தது முட்டை வடிவம். தவறு வரைந்தவர் மேலா, நெய்தவர் மேலா?
– வாசகர், ஆரணி

கிராப் தாளின் மேல். சாதாரண கிராப்பில் கட்டம் சதுரம். தறியில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு (நெடுக்கு) இழையும் ஓர் ஊடை (குறுக்கு) இழையும் சந்திக்கும் இடம்; அங்குலத்துக்கு இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது அரிது. பாவு 80, ஊடை 60 என்றால் 1 அங்குல வட்டத்துக்கு அகலத்தில் 80 கட்டம், உயரத்தில் 60 கட்டம் வேண்டும். கிராப்பில் அது படுத்த முட்டையாகத் தெரியும், துணியில் வட்டமாகும். முதலில் நெசவாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை, ஜக்கார்டில் (டிசைனுக்கு ஏற்பப் பாவு இழைகளைத் தூக்கும் தறிக் கருவி) கொக்கி எத்தனை. 240 கொக்கி என்றால் உங்கள் உருவத்தின் அகலம் 240 இழைக்குள் அடங்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அட்டை அடிக்க முடியாது.

நிறம் தேர்ந்தெடுப்பதில்தான் எப்போதும் தடுமாறுகிறேன். எதைப் பார்த்து எடுப்பது?
– வாசகி, காரைக்குடி

உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை விரித்து, கரையின் ஓரத்திலிருந்து உடலுக்குள் ஒரு சாண் வரை அளவுகோல் வைத்து எந்த நிறம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று பெயர் சொன்னால் எல்லோரும் ஒரே மூன்றைத்தான் சொல்வார்கள். எது அகலம், எது மெல்லிய இழை என்பதில்தான் அந்தச் சேலையின் கம்பீரம் இருக்கிறது. அதே மூன்று நிறத்தைச் சம அகலத்தில் போட்டுப் பாருங்கள், கட்சிக் கொடி மாதிரி ஆகிவிடும்.

எழுதிய அளவை நூலில் சுற்றிப் பாருங்கள். 5 செ.மீ. அகல அட்டையில் இருபக்க டேப் ஒட்டி, எம்ப்ராய்டரி நூலை அந்த விகிதத்தில் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒரே நிறக்கூட்டத்தில் விகிதத்தை மாற்றி நான்கு அட்டை செய்து, சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். டியூப்லைட்டில் அரக்கும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும், அங்கே முடிவு செய்யாதீர்கள். பின்னர் போனில் கறுப்பு-வெள்ளையில் ஒரு படம். இரண்டு நிறம் ஒரே சாம்பலாக வந்தால், தூரத்தில் அவை ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். உருவமும் தரையும் அப்படிக் கரைந்தால் ஒன்றை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்கிரீன் பிரின்டுக்கு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒவ்வொன்றும் செலவு. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூன்றாவது நிறம் தரும்படி இரண்டு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு ஸ்கிரீனில் மூன்று நிறம். இது வெளிர் துணியில்தான் நடக்கும். அடர்ந்த நிறத் துணியில் சாதாரண பிக்மென்ட் பேஸ்ட் (அச்சுக்கான நிறக் குழம்பு) அமுங்கிப்போகும். அடியில் மறைக்கும் வெள்ளை போட வேண்டும், அந்த இடம் சற்று விறைப்பாக நிற்கும்.

ஸ்கிரீன், மர அச்சு என்று செலவழிக்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க உருளைக்கிழங்கு அச்சு போட்டேன். ஓரம் கசிகிறது, துவைத்ததும் பாதி போய்விட்டது.
– வாசகி, தூத்துக்குடி

கசிவுக்குக் கிழங்கின் நீர் காரணம். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி, கால் மணி நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு எடுங்கள். கிழங்கைச் சாயத்தில் முக்காமல், ஈரமில்லாத ஸ்பாஞ்சில் சாயம் தடவி அதன்மேல் ஒற்றுங்கள். இதே டிசைன் ஐம்பது தடவை வேண்டுமானால் பெரிய ரப்பர் அழிப்பானில் செதுக்குங்கள். கிழங்கு சீக்கிரமே வாடி அளவே மாறிவிடும். எழுத்தோ ஒரு பக்கம் சாய்ந்த உருவமோ என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

துவைத்ததில் போனதற்குக் கஞ்சிதான் காரணம். புதுக் காட்டனில் கஞ்சி இருக்கும். சாயம் அதன் மேல் உட்கார்ந்து, கஞ்சியோடு சேர்ந்து கழன்றுவிடும். சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அச்சிடுங்கள். சுருக்கமும் அப்போதே முடிந்துவிடும். பிறகு துவைத்தாலும் வட்டம் நசுங்காது. மேசை மேல் பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்து விரித்து, அதன் மேல் துணியை இழுத்துக் குண்டூசி குத்துங்கள். வெறும் மேசையில் அச்சின் நடு ஒட்டாது, ஓரம் மட்டும் விழும்.

வரிசை நேராக வர, நூலில் சாக்பீஸ் தூள் தடவி இரு முனையும் இழுத்துப் பிடித்து ஒரு தெறிப்புத் தெறித்தால் கோடு விழும். அச்சு 5 செ.மீ. என்றால் 5 செ.மீ.க்கு ஒரு கோடு. கண்ணளவில் போனால் பத்தாவது அச்சுக்குள் வரிசை ஏறியிருக்கும்.

துணிக்கான அக்ரிலிக் சாயம் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பின்புறம் திருப்பி, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, பருத்திக்கான சூட்டில் இடத்துக்கு 3 முதல் 5 நிமிடம் தேயுங்கள். மூன்று நாள் கழித்துத்தான் முதல் துவைப்பு.

டிசைனுக்காக நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?
– மாணவர், மதுரை

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக்குளம் முதலில். மொட்டு, விரிந்த பூ, பின்பக்கம் தெரியும் இலை, இடையே மீனும் பறவையும் என்று இடம் விடாமல் நிரப்பியும் நெருக்கடி தெரியாது. எது எதன் மேல் ஏறுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆந்திராவின் லேபாட்சி வீரபத்திரர் கோயிலில் 16-ம் நூற்றாண்டு விதான ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே மனிதர்கள் உடுத்தியிருக்கும் துணிகளையே பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஆள்கள் வேறு வேறு டிசைனில் நிற்பார்கள். ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில், ஓட்டின் மூலையில் உள்ள கால் வட்டம் நான்கு ஓடுகள் சேரும் இடத்தில் முழு வட்டமாவதைக் கவனியுங்கள். ரிப்பீட் புரிய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஓவியங்களின் மேல் ஃபிளாஷ் போடாதீர்கள், தாள் வைத்துப் படியெடுக்கவும் கூடாது, நோட்டில் வரையுங்கள்.

பழைய டிசைனைப் பார்த்து வரைந்தால் அது காப்பியா? நான் வரைந்ததை மற்றவர் காப்பியடித்தால்?
– வாசகி, கோயம்புத்தூர்

கோலம், கோயில் சிற்பம், மரபான புட்டா ஆகியவை யாருடைய தனிச் சொத்தும் அல்ல. பெயர் தெரிந்த ஓவியரின் படம் என்றால், அவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை நம் நாட்டில் பதிப்புரிமை உண்டு. புவிசார் குறியீட்டில் கவனம் வேண்டும். மதுரைச் சுங்குடி 2005-லும் கண்டாங்கி 2019-லும் அதைப் பெற்றன. சுங்குடியின் புள்ளியைப் பார்த்து ஊக்கம் பெற்று வரையலாம். ஸ்கிரீனில் அடித்த புள்ளிக்கு மதுரைச் சுங்குடி என்று சீட்டு ஒட்டி விற்கக்கூடாது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுபவர்களின் பிழைப்பு அது.

உங்கள் டிசைனைப் பொறுத்தவரை, பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் இயந்திர முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்துவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி அதன் பதிப்புரிமை போய்விடும். விற்பனைக்கு என்றால் 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதியுங்கள். 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டியது புதிய டிசைனாகக் கருதப்படாது. எனவே முதலில் விண்ணப்பம், பிறகுதான் இன்ஸ்டாகிராம்.

போனில் வரைந்த டிசைனை டிஜிட்டல் பிரின்டுக்கு அனுப்பினேன். மங்கலாக வந்தது, நிறமும் வேறு.
– வாசகர், திருப்பூர்

கோப்பு சிறியது. அச்சாகும் அளவிலேயே 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) வேண்டும், 20 செ.மீ. ரிப்பீட்டுக்கு ஏறக்குறைய 1,200 பிக்சல். சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் ஓரம் கலங்கும். பக்க அளவை இரட்டைப்படை எண்ணாக வைத்தால் வரையும் மென்பொருளின் ஆஃப்செட் வசதியில் படத்தைப் பாதி நகர்த்தும்போது சரியாக 600 விழும், இணைப்பில் மயிரிழைக் கோடு வராது. பின்னால் ரோட்டரி ஸ்கிரீனுக்கு (உருளை வடிவ ஸ்கிரீன்) போகும் எண்ணம் இருந்தால் உயரத்தை இப்போதே 64 செ.மீ.யை மீதியின்றி வகுக்கும் அளவாக வையுங்கள்: 32, 16 அல்லது 8. வழக்கமான உருளையின் சுற்றளவு அந்த 64 செ.மீ.தான். 20 செ.மீ. ரிப்பீட் அதில் பொருந்தாது, மறுபடி வரைய வேண்டிவரும்.

போன் திரையின் பளிச்சென்ற பச்சையும் நீலமும் சாயத்தில் அப்படியே வராது. மொத்த ஆர்டருக்கு முன், நீங்கள் வாங்கப்போகும் அதே துணியில் ஒரு ரிப்பீட் சாம்பிள் அடித்துத் தரச் சொல்லுங்கள். பாதியை வெட்டி வைத்துக்கொண்டு மறுபாதியை மூன்று முறை துவையுங்கள். இரண்டையும் பகலில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருத்தத்தைச் சாம்பிளின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.